அரத்தை எடுப்பதற்கு முன்

புதிதாகக் கப்சாய் மோட்டார் சைக்கிள் வாங்குபவருக்குக் கடைக்காரர் சொல்லும் முதல் புத்திமதி, "முதல் 1,000 கிலோமீட்டருக்கு முறுக்காதீர்கள்" என்பதுதான். வாங்கியவர் தலையாட்டிவிட்டுப் போவார். மனத்துக்குள் ஒரு கேள்வி மட்டும் இருக்கும். ஆலையில் அளந்து, சோதித்து, மினுமினுப்போடு வந்த வண்டி இது. பழசானால் கெட்டுப்போகலாம், நியாயம். புதுசாக இருக்கும்போதே எதற்கு இந்தப் பத்தியம்?

இதே கேள்வியைக் கொஞ்சம் கூர்மையாகக் கேட்க வைக்கும் கருவி ஒன்று இருக்கிறது. பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்குத் தென்மேற்கே, லூமுட், சித்தியவான், ஆயர் தாவார் வட்டாரத்தில் ஒரு காலத்தில் ரப்பர் நின்ற நிலங்களில் இன்று செம்பனை நிற்கிறது. இளங்கன்றுகளின் குருத்தைக் காட்டுப்பன்றி குதறிவிடும். பழத்தோட்டத்தைக் குரங்குகள் ஒரு காலைப்பொழுதில் காலி செய்யும். பயிர்க் காவலுக்காக உரிமம் பெற்று ஷாட்கன் வைத்திருப்பது மலேசியாவில் தோட்டக்காரர்களின் பழைய வழக்கம். அப்படி ஒருவர் கையில் புத்தம்புதிய அரைத் தானியங்கி ஷாட்கன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு வெடி. அடுத்த தோட்டாவைத் துப்பாக்கியே ஏற்றிக்கொள்ளும். அதனால்தான் 'அரை'.

முதல் நாள் ஐந்தாவது தோட்டாவில் அது திக்குகிறது. காலி உறை பாதி வெளியே வந்து சிக்கி நிற்கிறது. பத்தாவதில் மறுபடியும். "ஸ்பிரிங் ரொம்பக் கடினம், கொஞ்சம் வெட்டிவிடு" என்கிறார் ஒருவர். "உள்ளே சொரசொரப்பு, அரம் போடு" என்கிறார் இன்னொருவர். இருவர் சொல்வதும் நடக்கக்கூடியதுதான். ஆனால் அன்றைக்கே செய்தால் இரண்டும் தவறு. ஏன் தவறு என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஒரு வெடிக்குள் ஐந்து வேலைகள்

வெடித்தவுடன் துப்பாக்கிக்குள் ஐந்து வேலைகள் நடந்தாக வேண்டும். வெடியறையின் பின்வாசலை அடைத்து நிற்கும் எஃகுக் கட்டை திறக்க வேண்டும். அதைப் பூட்டுக்கட்டை என்று அழைப்போம். காலி உறையைப் பிடித்து இழுக்க வேண்டும். இழுத்ததை வெளியே எறிய வேண்டும். சுத்தியலை மீண்டும் நாணேற்ற வேண்டும். அடுத்த தோட்டாவைத் தூக்கி அறைக்குள் தள்ளி, கதவைப் பூட்ட வேண்டும். இத்தனையும் கண் இமைக்கும் நேரத்துக்குள்.

மோட்டாரும் இல்லை, பேட்டரியும் இல்லை. இத்தனை வேலைக்கும் கூலி கொடுப்பது அந்த ஒரே வெடிதான். அந்தக் கூலியை வசூலிக்க மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்காரர் ஜான் மோசஸ் பிரவுனிங் கண்டது. 1900-இல் காப்புரிமை பெற்ற அவருடைய துப்பாக்கியில், குழலும் பூட்டுக்கட்டையும் ஒன்றாகக் கோத்துக்கொண்டு பின்னால் ஓடும். பிறகு குழல் மட்டும் முன்னே திரும்பும். அந்த இடைவெளியில் உறை வெளியேறும். உரிமைத்தொகைத் தகராறில் வின்செஸ்டர் நிறுவனத்தோடு முறித்துக்கொண்ட பிரவுனிங், அடுத்து ரெமிங்டனை நாடினார். அவரைச் சந்திக்கவிருந்த ரெமிங்டன் தலைவர் 1902 ஜனவரியில் மாரடைப்பில் இறந்துபோக, வடிவத்தை பெல்ஜியத்தின் எஃப்.என். ஆலைக்கு எடுத்துச் சென்றார். 'ஆட்டோ-5' என்று பெயர்பெற்ற அது, ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் உற்பத்தியில் இருந்தது.

இரண்டாம் வழி வாயு. குழலில் உள்ள சிறு துளை வழியாக வெடிவாயுவில் கொஞ்சத்தைத் திருப்பி, ஒரு பிஸ்டனைத் தள்ளுவது. 1963-இல் வந்த ரெமிங்டன் 1100 இந்த வகைக்குப் பெயர்போனது.

மூன்றாம் வழி நிலைமம். துப்பாக்கி முழுவதும் பின்னால் உதைக்கும்போது, உள்ளே இருக்கும் கனமான பூட்டுக்கட்டை நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அந்தச் சிறு இழுபறியில் ஒரு ஸ்பிரிங் அழுந்தி, பிறகு விரிந்து, கட்டையைப் பின்னால் எறியும். இத்தாலியின் பெனெல்லி நிறுவனம் இதைப் பரப்பியது.

மூன்றுக்கும் பொதுவான செய்தி ஒன்று உண்டு. வெடி தரும் கூலி ஓர் அளவுக்கு உட்பட்டது. அதில் ஒரு பங்கை உராய்வு வழியிலேயே பிடுங்கிக்கொள்ளும். புதுத் துப்பாக்கியில் அந்தப் பங்கு பெரிது.

வழுவழுப்பு என்னும் தோற்றம்

கடைசல் இயந்திரத்திலிருந்து வந்த எஃகுப் பரப்பைத் தடவினால் வழுவழுவென்று இருக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமுமாக, வெட்டுளி கீறிய வரிகளோடு இருக்கும். இரண்டு பரப்புகள் ஒன்றின்மேல் ஒன்று உட்காரும்போது பரப்பு முழுவதும் தொட்டுக்கொள்வதில்லை. மேட்டின் உச்சிகள் மட்டுமே தொடுகின்றன. கேம்பிரிட்ஜில் பவுடன், டேபர் என்ற இரு அறிஞர்கள் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இதை ஆராய்ந்து காட்டினார்கள். உண்மையில் தொடும் இடம், கண்ணுக்குத் தெரியும் பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் போகலாம்.

அந்தச் சிறு உச்சிகளின்மேல்தான் முழுச் சுமையும் இறங்குகிறது. அதனால் அவை நசுங்குகின்றன, சில ஒட்டிக்கொண்டு பிய்கின்றன. ஒவ்வோர் ஓட்டத்திலும் உயரமானவை மழுங்கி, தொடும் பரப்பு பெருகி, சுமை பகிர்ந்துகொள்ளப்படுகிறது. ஒரு கட்டத்தில் இரண்டு பரப்புகளும் ஒன்றுக்கொன்று இசைந்துவிடும். அதன்பின் தேய்மானம் சட்டென்று குறைந்து, நெடுங்காலம் ஒரே சீராக இருக்கும். புதுப் பரப்புகள் தேய்ந்து இசையும் இந்தத் தொடக்கப் பருவத்தை 'இழைவு' என்று சொல்லலாம். மோட்டார் சைக்கிள் கடைக்காரர் 'ரன்னிங்-இன்' என்று சொல்வதும் இதைத்தான்.

ஆக, இழைவுப் பருவத்தில் இருக்கும் கருவி நிலையான ஒன்று அல்ல. இன்று காலை அளந்த உராய்வு இன்று மாலை இருக்காது. மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றை அளந்து, அந்த அளவை நம்பி வெட்டினால் என்ன ஆகும்? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

இரண்டு தோட்டா, ஒரு கணக்கு

நம் தோட்டக்காரரின் துப்பாக்கி மூன்றாம் வகை, நிலைம வகை, எடை 3.2 கிலோ என்று கொள்வோம். அவரிடம் இரண்டு விதத் தோட்டாக்கள் இருக்கின்றன. ஒன்றில் 24 கிராம் ஈய ரவை. மற்றதில் 36 கிராம். இரண்டிலும் ரவை வினாடிக்கு 400 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. வெடிமருந்துப் புகையின் பங்கை இப்போதைக்கு ஒதுக்கிவிடுவோம்.

ரவை முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும். ரவையைவிடத் துப்பாக்கி எத்தனை மடங்கு கனமோ, அத்தனை மடங்கு மெதுவாகப் பின்வாங்கும். 24 கிராமைவிட 3,200 கிராம் ஏறத்தாழ 133 மடங்கு. 400-ஐ 133 ஆல் வகுத்தால் வினாடிக்கு 3 மீட்டர். 36 கிராம் தோட்டாவுக்கு இதே கணக்கு 4.5 மீட்டர் தரும்.

வேகம் ஒன்றரை மடங்குதான். ஆனால் வேலை செய்யும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒன்றரையை ஒன்றரையால் பெருக்கினால் 2.25. ரவை பாதிதான் கூடியது. உள்ளே இருக்கும் இயந்திரத்துக்குக் கிடைக்கும் கூலியோ இரண்டே கால் மடங்கு ஆகிவிட்டது.

இப்போது கூலியைப் பங்கு பிரிப்போம். எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. லேசான தோட்டா 10 அலகு தருகிறது. பூட்டுக்கட்டையை முன்னே திருப்பித் தள்ளும் ஸ்பிரிங்கை அழுத்த 7 அலகு வேண்டும். புதுத் துப்பாக்கியின் உராய்வு 4 அலகு கேட்கிறது. தேவை 11, வரவு 10. ஓர் அலகு குறைவு. பூட்டுக்கட்டை கடைசிவரை போகாமல் திரும்புகிறது, உறை சிக்குகிறது. துப்பாக்கி திக்குவதன் ரகசியம் இந்த ஓர் அலகுதான்.

கனமான தோட்டா 22.5 அலகு தரும். தேவை அதே 11. முதல் நாளிலேயே தடையின்றி ஓடும். நிலைம வகைத் துப்பாக்கிகளுக்கு முதல் சில பெட்டிகளைக் கனமான தோட்டாவாகச் சுடச் சொல்வதன் காரணம் இதுதான். மிச்சமிருக்கும் ஆற்றல் சொரசொரப்பைத் தாண்டி ஓட வைக்கிறது. ஓட ஓட உச்சிகள் மழுங்குகின்றன. இழைவு முடிந்து உராய்வு 4-லிருந்து 2 ஆக இறங்கினால், லேசான தோட்டாவுக்கும் தேவை 9 ஆகிவிடும். வரவு 10. திக்கல் போயிற்று. யாரும் எதையும் வெட்டவில்லை.

முதல் நாளே ஸ்பிரிங்கை வெட்டியவருக்கு என்ன ஆகும்? ஸ்பிரிங்கின் பங்கு 7-லிருந்து 5 ஆகிறது. தேவை 9, அன்றே சரியாகிவிட்டது. மகிழ்ச்சி. சில நூறு வெடிகளுக்குப் பின் உராய்வும் 2 ஆகும்போது தேவை வெறும் 7. கனமான தோட்டாவைப் போட்டால் 15.5 அலகு மிச்சம். அது எங்கே போகும்? பூட்டுக்கட்டை பின்சுவரில் மோதி மோதிச் செலவாகும். இன்னொரு கேடும் உண்டு. ஸ்பிரிங் என்பது செலவு மட்டும் அல்ல, சேமிப்பும்கூட. போகும்போது அழுத்திவைத்த ஆற்றலால்தான் திரும்பும்போது அடுத்த தோட்டாவை அறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்ட முடியும். 7 இருந்த சேமிப்பு 5 ஆனபின், கொஞ்சம் கரி படிந்தாலே கதவு மூடாது. ஒரு திக்கலைப் போக்கி, இன்னொரு திக்கலைக் காசு கொடுத்து வாங்கியதாகிவிடும்.

பிரவுனிங்கின் வெண்கலப் பட்டை

இந்தச் சிக்கலை நூற்றாண்டுக்கு முன்பே கண்டவர் பிரவுனிங். லேசான தோட்டாவுக்கும் கனமான தோட்டாவுக்கும் ஒரே துப்பாக்கி எப்படி ஒத்துப்போகும்? ஆட்டோ-5-இல் அவர் உராய்வையே ஒரு கருவியாக்கினார். தோட்டாக்கள் அடுக்கி நிற்கும் குழாயின் மேல் ஸ்பிரிங்கும், அதன் முன் ஒரு வெண்கலப் பட்டையும், சரிவு வெட்டிய எஃகு வளையமும் வைத்தார். கனமான தோட்டா என்றால் வளையத்தைப் பட்டையோடு சேர்த்து வைக்க வேண்டும். உதைப்பில் பட்டை குழாயை இறுகப் பிடித்து பிரேக் போடும். லேசான தோட்டா என்றால் வளையத்தை ஸ்பிரிங்கின் பின்னால் மாற்ற வேண்டும், பிடி தளரும். அரம் வேண்டாம், வெட்டும் வேண்டாம். ஒரு வளையத்தை இடம் மாற்றினால் போதும், வேண்டாமென்றால் திருப்பியும் வைக்கலாம்.

பேராக் மண் இந்தத் துப்பாக்கியை அறியும். 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. 1960 வரை நீடித்த அந்தக் காட்டுப்போரில் பிரிட்டிஷ் படையினர் சுமந்த ஆயுதங்களில் ஆட்டோ-5 ஒன்று. புதர் அடர்ந்த காட்டில் எதிராளி கண்ணில் படுவதே மிக நெருங்கிய தூரத்தில்தான் என்பதால் ஷாட்கனுக்கு அங்கே மதிப்பு. எண்ணெய் போட்ட குழாய்க்கும் உலர்ந்த குழாய்க்கும் இடையே ஆட்டோ-5-இன் நடத்தையே மாறிவிடும். குழாயில் எண்ணெய் அதிகமானால் பிரேக் வழுக்கும். பிரேக் வழுக்கினால் உதைப்பு கடுமையாகும். துப்பாக்கியை மாற்றுவதற்கு முன் எண்ணெயைப் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

லூமுட் காற்றும் தோட்டாவின் உறையும்

எண்ணெய் என்றதும் லூமுட்டுக்கு வருவோம். மலேசியக் கடற்படையின் பெருந்தளம் இருக்கும் ஊர் இது. கடற்காற்று எஃகை என்ன செய்யும் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்றில் மிதந்துவரும் உப்புத்துகள் எஃகின்மேல் படிகிறது. சாதாரண உப்பு, ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினாலே காற்றிலுள்ள நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். மலேசியக் கரையோரத்தில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் அதைத் தாண்டிவிடும். மழை படாமலே இரும்பின்மேல் உப்புநீர்ப் படலம் உருவாகிறது, துரு தொடங்குகிறது.

இதை அறிந்துதான் ஆலைகள் துப்பாக்கியைக் கெட்டியான காப்பு எண்ணெய் பூசி அனுப்புகின்றன. அது கப்பலிலும் கிடங்கிலும் துருவைத் தடுப்பதற்கானது. ஓடும் பாகங்களை வழுக்க வைப்பதற்கானது அல்ல. அதைத் துடைக்காமல் சுட்டால் வெடிமருந்துக் கரியும், இழைவில் உதிரும் உலோகப் பொடியும் அதில் குழைந்து, தேய்க்கும் பசையாக மாறும். முதல் நாள் திக்கல்களில் கணிசமானவை இந்தப் பசையின் வேலை. கழற்றி, காப்பு எண்ணெயைத் துடைத்து, நல்ல எண்ணெயை மெல்லிதாகப் பூசிய பிறகே முதல் வெடி. ஒவ்வொரு முறை சுட்ட பின்னும் பொடியைத் துடைத்தெடுக்க வேண்டும்.

தோட்டாவும் குற்றவாளியாக இருக்கலாம். முன்பு தோட்டாவின் உறை காகிதத்தால் ஆனது. நம் ஊர் ஈரத்தில் காகிதம் உப்பும்; உப்பிய தோட்டா அறைக்குள் நுழையாது, நுழைந்தால் வெளியேறாது. அந்தத் திக்கலுக்குத் துப்பாக்கியை அராவிப் பயன் இல்லை. 1960-இல் ரெமிங்டன் பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்த பிறகு இந்தத் தொல்லை ஓய்ந்தது. இன்றும் விளிம்பின் உலோகம், உறையின் நீளம், மருந்தின் அளவு எல்லாம் தயாரிப்புக்குத் தயாரிப்பு சற்று மாறும்.

திக்கலுக்கு யார் காரணம்?

ஆக, சந்தேகப்பட வேண்டியவர்கள் நால்வர்: துப்பாக்கி, தோட்டா, எண்ணெய், சுடுபவர். சுடுபவரையும் விட்டுவிட முடியாது. பின்னுதைப்பை நம்பி ஓடும் துப்பாக்கியைப் பிடிக்கும் விதம் மாறினால் உள்ளே கிடைக்கும் கூலியும் மாறும்.

நால்வரைப் பிரித்தறிய ஒரே வழி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. பள்ளி நோட்டுப் புத்தகம் போதும். தேதி, தோட்டாவின் பெயர், ரவையின் எடை, சுட்டவர், எத்தனையாவது வெடியில் திக்கல், எந்த வகைத் திக்கல் என்று பத்தி பிரித்து எழுதலாம். உறை வெளியேறவில்லையா, புதுத் தோட்டா ஏறவில்லையா, கதவு மூடவில்லையா என்பது முக்கியம். முதலாவது பெரும்பாலும் ஆற்றல் குறைவையும், கடைசியானது ஸ்பிரிங்கையோ அழுக்கையோ காட்டும்.

சில நாளில் நோட்டே பேசும். லேசான தோட்டாவில் மட்டும் திக்கல், அதுவும் குறைந்துகொண்டே வருகிறது என்றால் இழைவு; பொறுத்திருக்க வேண்டியதுதான். ஒரே தயாரிப்பில் மட்டும் என்றால் தோட்டா. ஒருவர் கையில் மட்டும் என்றால் பிடி. எல்லாத் தோட்டாவிலும், எல்லார் கையிலும், அதே இடத்தில், குறையாமல் நிற்கிறது என்றால்தான் துப்பாக்கியின் பழுது. அப்போதும் முதலில் போக வேண்டிய இடம் வாங்கிய கடை.

சோதனையின்போது காதுக்கும் கண்ணுக்கும் கவசம் கட்டாயம். ஷாட்கன் வெடி 150 டெசிபெல்லைத் தாண்டும். சிக்கினால் குழல்வாய் பாதுகாப்பான திசையிலேயே இருக்க, சற்றுக் காத்திருந்துதான் திறக்க வேண்டும். ஒரு வெடியின் ஓசை வழக்கத்தைவிடத் தாழ்ந்து கேட்டால் அடுத்ததைச் சுடவே கூடாது; குழலுக்குள் அடைப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்றது.

எத்தனை வெடி போதும்?

ஒரு பெட்டியில் 25 தோட்டா. ஒரு பெட்டி முழுதும் திக்காமல் ஓடிவிட்டால் துப்பாக்கி தேறிவிட்டது என்று சொல்லலாமா?

நூற்றுக்கு 3 முறை திக்கும் குணமுள்ள துப்பாக்கி ஒன்று இருக்கிறது என்போம். ஒவ்வொரு வெடியும் நல்லபடி முடிய 97 விழுக்காடு வாய்ப்பு. அந்த 0.97-ஐ நூறு முறை தொடர்ந்து பெருக்கினால் கிட்டத்தட்ட 0.05 வரும். அதாவது இவ்வளவு குறையுள்ள துப்பாக்கியும் இருபதில் ஒருமுறை 100 வெடிகளைத் திக்காமல் கடந்துவிடும். இதிலிருந்து புள்ளியியலார் ஒரு சுருக்கு வழி சொல்வார்கள்: திக்காமல் சுட்ட எண்ணிக்கையால் 3-ஐ வகுத்தால், குறை அதிகபட்சம் எவ்வளவு இருக்கக்கூடும் என்பது, இருபதில் பத்தொன்பது பங்கு உறுதியோடு, தெரியும். 25 வெடி என்றால் 12 விழுக்காடு வரை. 100 என்றால் 3. 300 என்றால் 1. ஒரு பெட்டியின் வெற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்று பாருங்கள்.

இழைவின்போது சுட்டவற்றை இந்த எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. அவை வேறொரு நிலையில் இருந்த துப்பாக்கியின் வெடிகள். அதேபோல, ஒரு பாகத்தை மாற்றினால் எண்ணிக்கை மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மாற்றத்துக்குப் பிந்தைய துப்பாக்கி, அதன் குணத்தைப் பொறுத்தவரை, இன்னொரு புதுத் துப்பாக்கி.

மாற்றத்தின் விலை

தீங்கில்லாதது போலத் தோன்றும் மாற்றமும் கணக்கைக் குலைக்கும். நம் 3.2 கிலோ துப்பாக்கியில் விளக்கு, நீண்ட தோட்டாக் குழாய் என்று 800 கிராம் சேர்த்து 4 கிலோ ஆக்கினால், லேசான தோட்டாவின் உதைப்பு வேகம் 3 மீட்டரிலிருந்து 2.4 ஆகக் குறையும். ஐந்தில் ஒரு பங்குதான் குறைந்தது; ஆற்றலோ 10 அலகிலிருந்து 6.4 ஆகிவிடும். ஸ்பிரிங் கேட்கும் 7-க்கே போதவில்லை. இழைவு முடிந்து ஒழுங்காக ஓடிய துப்பாக்கி, ஒரு விளக்கால் மீண்டும் திக்கத் தொடங்கும். மாற்றத்துக்கு முந்தைய நோட்டு கையில் இருப்பவர் காரணத்தை அன்றே கண்டுபிடிப்பார். இல்லாதவர் மறுபடி ஸ்பிரிங்கை வெட்டப் போவார்.

சட்டமும் உண்டு. மலேசியாவில் 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருக்க முடியாது. துப்பாக்கியைப் பழுதுபார்க்கும் தொழிலும் அந்தச் சட்டத்தின் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் சட்டம், உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கிறது. வீட்டுக் கொல்லையில் அரம் போடுவது இயற்பியலுக்கு மட்டும் எதிரானதல்ல.

எந்தப் புது இயந்திரத்துக்கும் வரிசை ஒன்றுதான். முதலில் துடைத்து எண்ணெய் போடுங்கள். இழைவு முடியும்வரை ஓட்டுங்கள். பிறகு ஒவ்வொன்றாக மாற்றிச் சோதித்து எழுதிவையுங்கள். திருப்பி வைக்கக்கூடிய மாற்றத்தை முதலில் செய்யுங்கள். திருப்ப முடியாததைக் கடைசிக்கு ஒதுக்கி, அதையும் உரிமம் பெற்ற கைத்தொழிலாளியிடம் விடுங்கள். அராவி எடுத்த எஃகை எந்தப் பட்டறையாலும் பழையபடி ஒட்டித் தர முடியாது.